கல்யாணத்தைச் சட்டப்படி முடித்துக்கொள்ள என்ன வழிகள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விவாகரத்து என்ற வார்த்தையை வீட்டில் வாய்விட்டுச் சொல்லவே வருஷக்கணக்கில் தயங்கியவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. தயங்கித் தயங்கிக் கேட்பதால் பாதிக் கேள்வி மனசிலேயே நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் ஒன்றுவிட்ட மாமா சொன்னதும்தான் சட்டம் என்று நம்பி, கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு வந்து அழுகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்யாணங்கள் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆகவே முதலில் வரும் பதில்கள் அதை ஒட்டியவை. கிறிஸ்தவர், முஸ்லிம், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்கள் ஆகியோருக்கானது பின்னால் வருகிறது.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். தாலியையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. இது போதாதா?

போதாது. பத்திரத்தில் எழுதினாலும், நோட்டரி முத்திரை குத்தினாலும், நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும் அது விவாகரத்து ஆகாது. நீதிமன்றம் தீர்ப்புக் கொடுக்கும்வரை சட்டப்படி நீங்கள் இருவரும் கணவன் மனைவிதான்.

இதன் வலி உடனே தெரியாது. அந்தப் பத்திரத்தை நம்பி அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொள்வார். அந்தக் கல்யாணம் செல்லாது. பல வருஷம் கழித்து அவர் காலமான பிறகு, குடும்ப ஓய்வூதியம் கேட்டு இரண்டு பெண்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். இரண்டாவதாகக் கல்யாணம் செய்து இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். உயிரோடு இருக்கும்போதே முதல் துணை புகார் கொடுத்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. அந்தச் செல்லாத கல்யாணத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அவர்கள் சட்டபூர்வமான பிள்ளைகள்தான், தாய் தகப்பன் சொத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு.

சில சமூகங்களில் வழக்கப்படி 'அத்துவிடுவது' உண்டு, அதைச் சட்டமும் 29-ஆம் பிரிவில் ஏற்கிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக, தொடர்ந்து இருந்து வருகிறது என்று நீதிமன்றத்தில் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். அது எளிதில் முடிகிற வேலை இல்லை. பெரியவர்கள் முன்னால் சுமுகமாகப் பேசி முடித்திருக்கிறீர்களா? ரொம்ப நல்லது. அதே சம்மதத்தோடு நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டு முறைப்படி முடித்துக்கொள்ளுங்கள்.

ஏழு வருஷம் பிரிந்து இருந்தால் தானாகவே ரத்தாகிவிடுமாமே?

ஆகாது. இருபது வருஷம் பிரிந்திருந்தாலும் ஆகாது. உயிரோடு இருக்கிறார் என்ற தகவலே ஏழு ஆண்டாக இல்லை என்றால், அதைக் காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. அதற்கும் மனு போட வேண்டும், தீர்ப்பு வாங்க வேண்டும்.

கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகிறது. இப்போதே மனு போட முடியுமா?

பொதுவாக முடியாது. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் முடிந்த பிறகுதான் விவாகரத்து மனு. தாங்கவே முடியாத துன்பம் என்றால் முன்கூட்டியே மனு போட நீதிமன்றத்திடம் தனியாக அனுமதி கேட்கலாம் (14-ஆம் பிரிவு).

ஆனால் உங்கள் பிரச்சினை வேறு வகையாகவும் இருக்கலாம். ஏற்கெனவே கல்யாணமானதை மறைத்துவிட்டார்கள், தாம்பத்தியத்துக்கே இயலாதவர், முக்கியமான ஒரு விஷயத்தில் மோசடி செய்து சம்மதம் வாங்கினார்கள் என்றால், கல்யாணமே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கும் வழி இருக்கிறது (11, 12-ஆம் பிரிவுகள்). இதற்கு அந்த ஒரு வருஷக் காத்திருப்பு கிடையாது. மாறாக, மோசடி என்றால் அது தெரியவந்த ஒரு வருஷத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். "கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்று வீட்டில் சொல்லச் சொல்ல இந்தக் கெடு போய்விடுகிறது. அப்படித் தவறவிட்டு, பிறகு வருஷக்கணக்கில் வழக்கு நடத்துகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. சந்தேகம் இருந்தால் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருக்கும் சம்மதம். எப்படி முடிப்பது?

இருப்பதிலேயே வலி குறைந்த வழி இதுதான். 13-பி பிரிவின் கீழ் இருவரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போடுவது. ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. வாடகைக்கு வேறு வீடு பார்க்க வசதியில்லாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மனு போட்டதும் ஒரு தடவை ஆஜராகி வாக்குமூலம் கொடுப்பீர்கள். அப்புறம் ஆறு மாதம் இடைவெளி. ஆறு மாதம் முடிந்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி வந்து "எங்கள் முடிவில் மாற்றமில்லை" என்று சொன்னால் தீர்ப்பு. ஏற்கெனவே நீண்ட காலம் பிரிந்திருந்து, சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லாமல், ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்திருந்தால் இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். 2017-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு வழி திறந்தது.

ஒன்றை மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே பணத்தை முழுதாக முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள். வாங்கும் பக்கத்தில் இருந்தால், "அப்புறம் தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பி இரண்டாம் தடவை வாக்குமூலமும் கொடுத்துவிடாதீர்கள். பாதித் தொகை முதல் மனுவின்போது, மீதி டிமாண்ட் டிராஃப்டாக இறுதி நாளில் நீதிபதி முன்னால் என்று வைத்துக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. ஒப்பந்தத்தில் நகை, குழந்தையின் பள்ளிக் கட்டணம், நிலுவையில் உள்ள மற்ற வழக்குகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்துப் போடுவது, தீபாவளி பொங்கலுக்கு யாரிடம் இருப்பது என்பதுவரை எழுதுங்கள். அன்றைக்குக் கூச்சமாக இருக்கும். எழுதாமல் விட்டால் பிறகு ஒவ்வொரு பண்டிகைக்கும் சண்டைதான்.

எனக்கு வேண்டும், அவர் சம்மதிக்க மறுக்கிறார். என்ன செய்வது?

அப்போது 13-ஆம் பிரிவில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றையாவது நிரூபிக்க வேண்டும். திருமணத்துக்கு வெளியே உடலுறவு, கொடுமை, இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனது, மதமாற்றம், சேர்ந்து வாழவே இயலாத அளவு தீராத மனநோய், துறவறம், ஏழு ஆண்டாகத் தகவல் இல்லாமை ஆகியவை அதில் உள்ளன. தொழுநோய் என்ற காரணத்தை 2019-ல் நீக்கிவிட்டார்கள். எப்போதோ நீக்கியிருக்க வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலான மனுக்கள் கொடுமை, கைவிடுதல் என்ற இரண்டில்தான் நிற்கின்றன. அடி உதை இல்லாமலும் கொடுமை உண்டு. நாலு பேர் முன்னால் தொடர்ந்து கேவலப்படுத்துவது, நடத்தையைச் சந்தேகித்து வதைப்பது, மாதக்கணக்கில் பேசாமல் ஒதுக்குவது, பொய்ப் புகார் கொடுத்துக் குடும்பத்தையே காவல் நிலையத்துக்கு இழுப்பது எல்லாமே மனரீதியான கொடுமையாக ஏற்கப்பட்டிருக்கின்றன. சாம்பாரில் உப்பில்லை என்ற அளவிலான சண்டைகளை நீதிமன்றம் கொடுமையாக எடுத்துக்கொள்வதில்லை. எந்த நாள், எங்கே, யார் முன்னால் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். செய்திகள் உள்ள போனையே பத்திரமாக வைத்திருங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் அதுவும் சாட்சியம்.

கைவிடுதலைப் பற்றி ஒரு வார்த்தை. அடித்து விரட்டியதால் அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணை, அவள்தான் கைவிட்டாள் என்று சொல்ல முடியாது. வெளியேறக் காரணமாக இருந்தவரே கைவிட்டவர்.

"எங்களுக்குள் ஒன்றுமே மிச்சமில்லை, அது ஒரு காரணம் ஆகாதா?" என்று பலர் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மீட்க முடியாதபடி முறிந்துபோன திருமணம் என்பது இன்னும் சட்டத்தில் ஒரு காரணமாகச் சேர்க்கப்படவில்லை. அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவு தரும் அதிகாரத்தில் உச்ச நீதிமன்றம் மட்டும் அதைச் செய்யலாம் என்று 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. குடும்ப நல நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

சம்மன் வந்திருக்கிறது. போகாமலே இருந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சம்மன் கிடைத்தும் போகாவிட்டால் ஒருதரப்பாக விசாரித்துத் தீர்ப்புக் கொடுத்துவிடுவார்கள். எக்ஸ்பார்ட்டி என்று சொல்வது இதைத்தான். தீர்ப்பு வந்த நாளிலிருந்து, பொதுவாக முப்பது நாளுக்குள், அதை ரத்து செய்யக் கோரலாம். ஆனால் ஏன் வரவில்லை என்பதற்கு நல்ல காரணம் சொல்ல வேண்டும்.

முதலில் வந்திருப்பது என்ன என்று படித்துப் பாருங்கள். வக்கீல் நோட்டீஸ் வேறு, நீதிமன்ற சம்மன் வேறு. சில சமயம் வந்திருப்பது விவாகரத்து மனுவாக இல்லாமல், 9-ஆம் பிரிவின் கீழ் சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரும் மனுவாக இருக்கும். அதில் தீர்ப்பு வந்தாலும் யாரும் உங்களைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சேர்த்து வைக்க முடியாது. ஆனால் அதன் பிறகு ஒரு வருஷம் சேர்ந்து வாழாவிட்டால், அதையே காரணமாக்கி விவாகரத்து கேட்கலாம். அதனால் அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

அடி தாங்க முடியவில்லை. விவாகரத்து வருவதற்குள் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

விவாகரத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் பாதுகாப்பு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஆபத்து உடனடி என்றால் 112. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், விவாகரத்து கேட்காமலே பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் தங்கும் உரிமை, செலவுக்குப் பணம், குழந்தையைத் தற்காலிகமாக உங்களிடம் வைத்திருக்கும் உத்தரவு எல்லாம் பெறலாம். இதற்கென மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் நேராகவே மனு கொடுக்கலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்பதாலேயே உங்களை வெளியே தள்ளிவிட முடியாது. 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

குற்ற வழக்கு என்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம். கணவரோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக்கு முன்பு 498-ஏ என்று சொன்னது இப்போது நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். யாராவது "நாத்தனார் பெயரையும் சேர்த்து எழுதும்மா, அப்போதுதான் பயப்படுவார்கள்" என்று சொன்னால் கேட்காதீர்கள். ஒரு பொய் கலந்தால் மற்ற உண்மைகளும் எடுபடாமல் போகும்.

விவாகரத்து வேண்டாம். ஆனால் சேர்ந்தும் வாழ முடியாது.

10-ஆம் பிரிவில் நீதிமன்றப் பிரிவினை கேட்கலாம். திருமணம் அப்படியே இருக்கும், சேர்ந்து வாழும் கடமை மட்டும் நீங்கும். மறுமணம் செய்ய முடியாது. மனசு மாறிச் சேர்ந்தால் தீர்ப்பை ரத்து செய்துகொள்ளலாம். ஒரு வருஷம் சேராவிட்டால் யாரேனும் ஒருவர் விவாகரத்து கேட்கலாம்.

நான் இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். மனு எங்கே போடுவது?

மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். 2003-ல் வந்த திருத்தம் இது. கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் ஆகியவற்றிலும் போடலாம். குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றம்.

மனு போட்டதும் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். சேர்ந்து வாழச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது அவர்கள் வேலை கிடையாது. பல வழக்குகளில் மரியாதையான பிரிவுக்கான பேச்சே அங்கேதான் தொடங்குகிறது.

ஜீவனாம்சம் எவ்வளவு கிடைக்கும்?

கணக்குச் சூத்திரம் எதுவும் சட்டத்தில் இல்லை. சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு என்று எல்லோரும் சொல்வது ஒரு தீர்ப்பில் வந்த அளவு, எல்லா வழக்குக்கும் பொருந்தும் விதி அல்ல. இருவரின் வருமானம், சொத்து, கல்யாணமாகி எத்தனை வருஷம், குழந்தை யாரிடம், உடல்நிலை எல்லாவற்றையும் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். 2020-லிருந்து இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகக் கொடுத்தாக வேண்டும். பராமரிப்புத் தொகை மனு போட்ட நாளிலிருந்து கணக்கிடப்படும்.

வழக்கு நடக்கும்போதே 24-ஆம் பிரிவில் இடைக்காலத் தொகை கேட்கலாம். விவாகரத்து வழக்கே இல்லாமலும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் கேட்கலாம். எந்த மதத்தவரும் கேட்கலாம். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு எதுவும் கிடைக்காது என்பது தவறு. வருமானம் போதுமா என்றுதான் பார்ப்பார்கள்.

நகை, சீர்வரிசை, வீடு?

உங்கள் வீட்டில் போட்ட நகையும் உங்களுக்கென்று கொடுத்த பொருளும் ஸ்திரீதனம், அவை உங்களுக்கே சொந்தம். கல்யாண ஆல்பம், நகைக்கடை ரசீது, அடகுச் சீட்டு எல்லாம் உதவும். வீடு விஷயத்தில் சினிமாவில் வருவதுபோல் பாதிப் பங்கு கிடையாது. யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. நீங்களும் பணம் போட்டிருந்தால் வங்கிக் கணக்கு விவரத்தோடு அதைக் காட்ட வேண்டும்.

குழந்தை யாரிடம் இருக்கும்?

குழந்தைக்கு எது நல்லது என்பதுதான் முதல் கேள்வி. தாய்க்கு உரிமையா தந்தைக்கு உரிமையா என்பதெல்லாம் அதற்குப் பின்னால். ஐந்து வயது வரை பொதுவாகத் தாயிடம். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் நீதிபதி தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். குழந்தையிடம் "ஜட்ஜ் அங்கிள் கேட்டால் இப்படிச் சொல்லு" என்று பாடம் எடுக்காதீர்கள், அது அந்தப் பிஞ்சு மனசுக்குப் பெரிய பாரம். இன்னொருவருக்குப் பார்க்கும் உரிமை இருக்கும். ஜீவனாம்சம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்டாமல் இருப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே தவறு.

நாங்கள் கிறிஸ்தவர்கள். சர்ச்சில் ரத்து வாங்கினால் போதுமா?

போதாது. திருச்சபை தரும் ரத்து அந்தச் சபைக்குள் மறுமணம் செய்ய உதவும். சட்டத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். உங்களுக்குரியது 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். 2001-ல் அதைத் திருத்தி, கொடுமை, கைவிடுதல் போன்ற காரணங்களைப் பெண்களுக்கும் சமமாக்கினார்கள். பரஸ்பர சம்மதத்துக்கு 10-ஏ பிரிவு இரண்டு ஆண்டு பிரிந்திருக்க வேண்டும் என்கிறது. இந்துக்களுக்கு ஒன்று, கிறிஸ்தவர்களுக்கு இரண்டு என்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. கேரள உயர் நீதிமன்றமும் 2010-ல் அதை ஓராண்டாகக் குறைத்துச் சொல்லியிருக்கிறது.

முஸ்லிம் பெண்ணுக்கு என்ன வழி?

ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்வதை 2017-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பெண் தானாகப் பிரிய விரும்பினால் குலா உண்டு. ஆனால் தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருவரும் ஒத்துப் பிரிவது முபாரத். கணவர் ஒத்துவராவிட்டால் 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் இருக்கிறது. நான்கு ஆண்டாகத் தகவல் இல்லை, இரண்டு ஆண்டாகச் செலவுக்குக் கொடுக்கவில்லை, கொடுமை என்பன அதில் உள்ள காரணங்களில் சில.

சுயமரியாதைத் திருமணம், பதிவுத் திருமணம் செய்தவர்கள்?

சுயமரியாதைத் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவில் அடங்கும். அண்ணா முதல்வராக இருந்தபோது வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் அது. ஐயர், மந்திரம் இல்லாததால் "சும்மா பிரிந்துவிடலாம்" என்பது சரியல்ல, மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தவர்களுக்கு அதன் 27, 28-ஆம் பிரிவுகள். நடைமுறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு அங்கேயே விவாகரத்து வாங்கிவிட்டார். செல்லுமா?

இங்கே நடந்த இந்துக் கல்யாணத்தை, இங்குள்ள சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, நீங்கள் ஆஜராகாமலே, அங்கே முறித்திருந்தால் இங்கே செல்லாது என்பதுதான் 1991-லிருந்து இருக்கும் நிலை. நீங்கள் விரும்பி அங்கே ஆஜராகி வழக்கை ஏற்றிருந்தால் கதை வேறு. ஆகவே வெளிநாட்டு நீதிமன்றக் கடிதம் எதற்கும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். ஆதார் நகலோடு போய் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் என்றால் அந்த வரம்பும் இல்லை.

தீர்ப்பு வந்துவிட்டது. அடுத்து?

சான்றிட்ட நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள், இரண்டு பிரதியாக வாங்கி வையுங்கள். போட்டி வழக்கில் வந்த தீர்ப்பு என்றால் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணம் கூடாது. குடும்ப நல நீதிமன்றச் சட்டம் முப்பது நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் தொண்ணூறு நாள் என்கிறது. தொண்ணூறு நாள் பொறுத்து, மேல்முறையீடு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு முகூர்த்தம் குறியுங்கள். பரஸ்பர சம்மதத்தில் குடும்ப நல நீதிமன்றம் தந்த தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

அப்புறம் ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், ஆதார் முகவரி. பி.எஃப்., இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் நாமினி பெயர் தானாக மாறாது. நீங்களே போய் மாற்ற வேண்டும். இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டுக் கடன் இருந்தால், "கடனை அவர் கட்டுவார்" என்று ஒப்பந்தத்தில் எழுதியது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணை தவறினால் வங்கி உங்களையும் கேட்கும். ஒப்பந்தம் எழுதும்போதே வங்கிக்குப் போய், உங்கள் பெயரைக் கடனிலிருந்து எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.